முடிந்தது என்று யார் சொல்வது?

எண்பதுகளின் கடைசியில் லண்டனில் ஒரு வழக்கு நடந்தது. ஒரு பக்கம் இ.எம்.ஐ. என்ற பெரும் இசைத்தட்டு நிறுவனம். மறுபக்கம் டாக் டாக் என்ற இசைக்குழு. மேலோட்டமாகப் பார்த்தால் ஒப்பந்தப் புதுப்பிப்புத் தகராறு, அவ்வளவுதான். ஓர் ஆல்பத்தின் பதிவு முடிந்த மூன்று மாதங்களுக்குள், அடுத்த ஆல்பத்துக்கும் ஒப்பந்தத்தை நீட்டிக்கிறோம் என்று நிறுவனம் குழுவுக்குத் தெரிவித்தாக வேண்டும். கெடு தாண்டிவிட்டது, நாங்கள் விடுபட்டோம் என்றது குழு. கெடு இன்னும் தொடங்கவே இல்லையே என்றது நிறுவனம். எங்களுக்கு முதலில் கொடுத்த நாடா விற்பனைக்குத் தக்கதாக இல்லை, அப்படியிருக்க அதை எப்படி முடிந்த பதிவு என்று கணக்கில் எடுப்பது என்பது அவர்கள் வாதம். முதல் தீர்ப்பு நிறுவனத்துக்குச் சாதகமாக வந்தது. மேல்முறையீட்டில் குழு வென்றது.

இந்தக் கதை பின்னாளில் சுருங்கி, ‘பாட்டு விற்காது என்று கம்பெனி கேஸ் போட்டது’ என்று ஒற்றை வரியாக உலவுகிறது. சுருக்கியதில் சுவாரசியமான பகுதிதான் போயிற்று. ஒரு பதிவு எப்போது முடிகிறது, முடிந்துவிட்டது என்று சொல்லும் உரிமை யாருடையது என்ற கேள்வி, சட்டத்தின் மொழியில் நீதிமன்றத்தின் முன் வந்து நின்றது. மாற்று இசை என்று இன்று நாம் அழைக்கும் வகையின் நல்ல ஆல்பங்கள் பலவற்றின் உள்ளே இதே கேள்விதான் உட்கார்ந்திருக்கிறது.

வழக்குக்குக் காரணமான ஆல்பம் ‘ஸ்பிரிட் ஆஃப் ஈடன்’, 1988 செப்டம்பரில் வெளியானது. பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 19-ஆம் இடம்வரை ஏறிவிட்டு இறங்கிப்போனது. விமர்சகர்கள் சிலர் வியந்தார்கள், சிலர் கொட்டாவி விட்டார்கள். இன்று எண்பதுகளின் சிறந்த ஆல்பங்களை யார் பட்டியலிட்டாலும் அதைத் தவிர்ப்பது கடினம். இடைப்பட்ட காலத்தில் ஆல்பத்தில் ஒரு சுரமும் மாறவில்லை.

கதைக்குள் போகுமுன் ஒரு சொல்லைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ‘இண்டி’ என்றால் மனத்தை வருடும் கிதார், கலைந்த முடி, கூச்சப்படும் குரல் என்று இன்று ஒரு சித்திரம் வந்துவிட்டது. பிரிட்டனில் அந்தச் சொல் முதலில் கணக்குப்பிள்ளையின் சொல். 1980 ஜனவரியில் சுயாதீன விற்பனைப் பட்டியல் தொடங்கியபோது அதில் இடம்பெற ஒரே நிபந்தனைதான்: இசைத்தட்டு பெரிய நிறுவனங்களின் விநியோகத்தில் போகாமல் தனி விநியோகத்தில் கடைக்குப் போக வேண்டும். பாட்டு எப்படி இருந்தாலும் சரி. வண்டி யாருடையது என்பதுதான் கேள்வி. அந்தக் கணக்குப்படி, பெரிய நிறுவனத்துக்குப் பதிவு செய்த டாக் டாக் ஒருநாளும் இண்டி ஆகவில்லை. ஆனால் அதற்குப்பின் வந்த இண்டி இசைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அவர்களைத்தான் முன்னோராகக் கைகாட்டுகிறார்கள். யாருடைய பணம், யாருடைய வண்டி என்பதும், யார் சொல்படி பாட்டு முடிகிறது என்பதும் வேறு வேறு சங்கதிகள். இரண்டாவதில் டாக் டாக் அளவுக்குப் பிடிவாதம் பிடித்தவர்கள் சின்ன லேபிள்களிலேயே குறைவு.

மார்க் ஹாலிஸ் 1955-இல் வடக்கு லண்டனின் டாட்டன்ஹாமில் பிறந்தவர். 1981-இல் லீ ஹாரிஸ் (டிரம்ஸ்), பால் வெப் (பேஸ் கிதார்), சைமன் பிரென்னர் (கீபோர்டு) ஆகியோருடன் சேர்ந்து டாக் டாக் குழுவைத் தொடங்கினார், பாடகர் அவரே. முதல் ஆல்பம் 1982-இல் வந்தபோது, அன்றைய மோஸ்தரான சிந்தசைசர் பாப் குழுக்களில் இன்னொன்று என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். தப்புச் சொல்ல முடியாது, அப்படித்தான் இருந்தது. பிரென்னர் விலகினார். தயாரிப்பாளர் டிம் ஃப்ரீஸ்-கிரீன் உள்ளே வந்து, பாட்டுகளை ஹாலிஸோடு சேர்ந்து எழுதும் பங்காளியாகவே ஆனார். 1984-இல் வந்த ‘இட்ஸ் மை லைஃப்’ ஐரோப்பாவில் ஓடியது. அதன் தலைப்புப் பாட்டை 2003-இல் நோ டவுட் குழு மீண்டும் பாடி உலகெங்கும் ஒலிக்கவைத்தது. 1986-இல் வந்த ‘தி கலர் ஆஃப் ஸ்பிரிங்’ அவர்கள் வெளியிட்டதிலேயே பெரிய வெற்றி, பிரிட்டனில் 8-ஆம் இடம்.

அந்த வெற்றிதான் எல்லாவற்றையும் சாத்தியமாக்கியது. நல்ல விற்பனை தந்த குழு என்பதால், அடுத்த ஆல்பத்துக்கு இ.எம்.ஐ. பணப்பையின் வாயைத் திறந்து வைத்தது, நாள் கணக்கும் கேட்கவில்லை. பதிவு நடக்கும் இடத்துக்கு நிறுவனத்தார் வரக்கூடாது என்பது குழுவின் பக்க ஏற்பாடு. ஹாலிஸ் அந்த ஏற்பாட்டைக் கடைசிப் பைசாவரை பயன்படுத்திக்கொண்டார்.

இடம், லண்டன் ஹைபரியில் இருந்த வெசெக்ஸ் ஸ்டூடியோ. பழைய தேவாலயக் கூடம் ஒன்றை மாற்றிக் கட்டியது. செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் ஒரே ஆல்பத்தின் பெரும்பகுதியும், கிளாஷ் குழுவின் ‘லண்டன் காலிங்’ ஆல்பமும் பதிவானது அங்கேதான். சத்தத்துக்குப் பேர்போன அந்தக் கூடத்தில் 1987 மே மாதம் டாக் டாக் நுழைந்தது, வெளியே வர 1988 மார்ச் ஆயிற்று. ஒலிப்பதிவாளர் ஃபில் பிரவுன் பின்னாளில் தன் நினைவுக்குறிப்பு நூலில் அந்த மாதங்களை விவரித்திருக்கிறார். விளக்குகளை அணைத்துவிடுவார்கள். சுவரில் எண்ணெய்ச் சுழல்படம் காட்டும் புரொஜெக்டர் ஒன்று ஓடும், விட்டுவிட்டு மின்னும் ஒரு ஸ்ட்ரோப் விளக்கு, மற்றபடி இருட்டு. வெளியே பகலா இரவா என்று தெரியாது. மாதக்கணக்கில் அதே சில பாட்டுகள்.

வாசிக்க வந்தவர்கள் யார் யார் என்று பார்த்தால், ஒரு பாப் குழுவின் பந்தியில் இவர்களெல்லாம் எப்படி ஒன்றாக உட்கார்ந்தார்கள் என்று தோன்றும். சாஸ்திரிய வயலினில் பெயர் பெற்ற நைஜல் கென்னடி, நாட்டார் இசையிலும் ஜாஸிலும் கைதேர்ந்த டபுள் பேஸ் கலைஞர் டேனி தாம்ப்சன், ஜாஸ் டிரம்பெட் வாசிக்கும் ஹென்றி லோதர், ஹார்மோனிகாவுக்கு மார்க் ஃபெல்தம். ஹியூ டேவிஸ் என்றொருவரும் வந்தார். இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசனிடம் உதவியாளராக இருந்தவர், கையில் கிடைத்த பொருளில் வாத்தியம் செய்பவர். தான் செய்த ஒரு கருவிக்கு அவர் வைத்த பெயர் ‘ஷோஸிக்’. கலைக்களஞ்சியத்தின் கடைசித் தொகுதியின் அட்டைக்குள் அதைப் பொருத்தியிருந்தார். அந்தத் தொகுதியின் முதுகில் எந்தச் சொல்லிலிருந்து எந்தச் சொல்வரை என்று காட்டும் எழுத்துகள் எப்படி இருந்தனவோ, அதுவே வாத்தியத்தின் பெயர். (இப்படிப்பட்டவரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்ன பிறகு பாட்டு வானொலியில் ஓடும் என்று யார் எதிர்பார்த்தார்களோ!)

வந்தவர்களுக்கு எழுதிய சுரம் ஏதும் கொடுக்கவில்லை. இருட்டில் நில்லுங்கள், காதில் விழுவதற்கு மனம்போல வாசியுங்கள், அவ்வளவுதான் உத்தரவு. மணிக்கணக்கில் வாசித்துவிட்டுப் போவார்கள். பிறகு ஹாலிஸும் ஃப்ரீஸ்-கிரீனும் உட்கார்ந்து அதில் நாலு நொடியை எடுத்துக்கொள்வார்கள், மீதியை அழிப்பார்கள். எடுத்த நாலு நொடி, வாசித்தவர் நினைத்த இடத்தில் இராது, வேறெங்கோ போய் ஒட்டிக்கொள்ளும். நாடாவில் பதிந்ததைத் துண்டாக எடுத்து இடம் மாற்றும் வசதியை டிஜிட்டல் பதிவுக் கருவி அப்போதுதான் கைக்கு எட்டும்படி செய்திருந்தது. இருபத்தைந்து பேர் கொண்ட பாடகர் குழு ஒன்றைப் பதிவு செய்தார்களாம், அருமையாக வந்ததாம், மறுநாள் காலை ஹாலிஸ் அதை அழிக்கச் சொல்லிவிட்டார் என்கிறார் பிரவுன். ஆல்பத்தில் நமக்குக் கேட்பது செம்ஸ்ஃபர்டு பேராலயப் பாடகர் குழு.

வெளியே இருந்து பார்க்கிறவருக்கு இது பணக்காரத் திமிர் என்று தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் ஆல்பத்தைப் போட்டுக் கேட்டால் அழித்ததின் கணக்கு காதில் விழுகிறது. முதல் மூன்று பாட்டுகளும் இடைவெளி இல்லாமல் ஒன்றாக ஓடுகின்றன, இருபத்து மூன்று நிமிடம்போல. ‘தி ரெயின்போ’ தொடங்கும்போது பாட்டே தெரியாது. அடக்கிய டிரம்பெட், அதன் கீழே தந்தி வாத்தியங்களின் மெல்லிய படலம், எங்கோ இரும்பு உரசுவது போன்ற ஓசை. இரண்டு நிமிடத்துக்கும் மேல் இப்படியே போகிறது. பிறகுதான் ஒரு மின்கிதார், ப்ளூஸ்காரர் இழுப்பதுபோல ஒரு இழுப்பு இழுக்கிறது. டிரம்ஸ் வருகிறது, அவசரமே இல்லாமல். அந்த டிரம்ஸைப் பக்கத்தில் மைக் வைத்துப் பிடிக்கவில்லை, பல அடி தள்ளி வைத்துப் பிடித்தார்கள். ஆகவே தோலில் கோல் படும் ஓசையோடு கூடத்தின் சுவரும் கூரையும் சேர்ந்து கேட்கின்றன. அன்றைய பாப் பாட்டில் டிரம்ஸ் என்றால் காதுக்குள் பட்டாசு வெடிப்பதுபோல இருக்கும். இங்கே அடுத்த வீட்டில் யாரோ வாசிப்பதை நாம் சுவரில் காது வைத்துக் கேட்கிறோம். பிறகு ஹார்மோனிகா சிதறி அலறுகிறது, பெருக்கியில் திணறத் திணற. அது அடங்கியதும் வரும் நிசப்தத்துக்கு ஒரு கனம் உண்டு. முப்பது பேர் வாசித்து அழித்த இடத்தில் நிற்கும் நிசப்தம் அது.

‘ஐ பிலீவ் இன் யூ’ ஹெராயின் பழக்கத்தைப் பற்றிய பாட்டு. ஹாலிஸின் அண்ணன் எட், எடி அண்ட் தி ஹாட் ராட்ஸ் குழுவின் மேலாளராக இருந்தவர், தம்பியை இசைக்குள் கொண்டுவந்ததில் அவருக்குப் பங்கு உண்டு. ஹெராயினுக்கு அடிமைப்பட்டிருந்த அவர் ஆல்பம் வந்த அடுத்த வருடம், 1989-இல் இறந்தார். இந்தப் பாட்டை வெட்டிச் சுருக்கித் தனிப்பாட்டாக வெளியிட்டார்கள். வெட்டினால் நிற்காத பாட்டு அது, நிற்கவில்லை. பாடல் வரிகளை ஹாலிஸ் தன் கையெழுத்திலேயே உறையில் அச்சிட்டிருந்தார், படிப்பதற்கு மருந்துக் கடைக்காரர்தான் வரவேண்டும். குரலும் அப்படியே. சொல் புரிய வேண்டும் என்ற கவலை அவருக்கு ஆல்பத்துக்கு ஆல்பம் குறைந்துகொண்டே போனது. மேடைக்கச்சேரியும் 1986-ஓடு சரி. ஸ்டூடியோவில் நாடாவை வெட்டி ஒட்டி உருவான ஒன்றை மேடையில் திரும்ப வாசிக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம்.

வழக்கில் தோற்ற நிறுவனம் தன் கையிலிருந்த பழைய பாட்டுகளைத் தொகுத்து 1990-இல் ‘நேச்சுரல் ஹிஸ்டரி’ என்று வெளியிட்டது. அது 3-ஆம் இடத்துக்குப் போனது. டாக் டாக் பெயரில் அதற்கு முன்னும் பின்னும் எந்த ஆல்பமும் பிரிட்டனில் அவ்வளவு உயரம் ஏறவில்லை. அந்தச் சூட்டோடு 1991-இல் பழைய பாட்டுகளை வேறு ஆட்களைக் கொண்டு மாற்றிக் கலந்து இன்னொரு தொகுப்பும் வந்தது. குழு மறுபடி நீதிமன்றம் போனது, விற்காத பிரதிகளை அழிக்க வேண்டியதாயிற்று. முதல் வழக்கில் நிறுவனம் ‘இது முடியவில்லை’ என்றது. இரண்டாவதில் இசைக்காரர் ‘அது எப்போதோ முடிந்துவிட்டது, கை வைக்காதே’ என்றார்.

விடுபட்ட ஹாலிஸ், பாலிடார் நிறுவனத்தின் வெர்வ் பிரிவுக்குப் போனார். வெர்வ், ஜாஸ் இசைக்குப் பெயர்பெற்ற பழைய முத்திரை. பால் வெப் விலகியிருந்தார். 1990 செப்டம்பரில் அதே வெசெக்ஸ், அதே இருட்டு, அதே பிரவுன். ஐம்பது பேர்வரை வந்து வாசித்தார்கள், ஆல்பத்தில் தங்கியது பதினெட்டுப் பேர் என்பது பிரவுன் தரும் கணக்கு. 1991 செப்டம்பரில் ‘லாஃபிங் ஸ்டாக்’ வெளிவந்தது.

இந்த ஆல்பத்தை முதன்முதலில் போட்டபோது ஹெட்போன் வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினேன். ‘மிர்மேன்’ பாட்டின் தொடக்கத்தில் சில நொடிகளுக்குப் பெருக்கியின் இரைச்சல் மட்டுமே கேட்கும். கருவி கெட்டுவிட்டது என்று நினைத்தவன் நான் ஒருவன் மட்டுமாக இருக்க மாட்டேன். இரண்டாவது பாட்டு ‘அசென்ஷன் டே’ உச்சத்தில் இருக்கும்போதே கத்தரித்தாற்போல் நிற்கிறது. வாக்கியத்தின் நடுவில் பேசுகிறவர் எழுந்து போவதுபோல. ‘ஆஃப்டர் தி ஃபிளட்’ பாட்டில் ஓர் இடம் உண்டு: தனி வாசிப்பு வர வேண்டிய இடத்தில் ஒரே ஒரு சுரம் வருகிறது. கரகரத்து, அரிபட்டு, நடுங்கி, ஒரு நிமிடத்துக்கு மேல் அதே சுரம். இரண்டு சுரத்துக்குப் பதில் ஒன்று போதும், அந்த ஒன்றையும் காரணம் இருந்தால் மட்டும் வாசி என்ற பொருளில் ஹாலிஸ் பேட்டிகளில் பேசுவதுண்டு. பேட்டியில் சொல்வது எளிது. இந்த ஒரு நிமிடத்தில் அதைச் செய்து காட்டியிருக்கிறார். ‘நியூ கிராஸ்’ பாட்டில் லீ ஹாரிஸ் ஒன்பது நிமிடத்துக்கும் மேல் ஒரே தாளக்கட்டை விடாமல் வாசிக்கிறார். கேட்கக் கேட்க அது தாளமாகவே தெரியாமல் போய், பக்கத்தில் யாரோ நடந்து வருவதுபோல ஆகிவிடும். டாக் டாக் செய்ததிலேயே எனக்குப் பிடித்தது அதுதான். ‘ஸ்பிரிட் ஆஃப் ஈடன்’ மேல் என்பாரும் உண்டு, சண்டையில்லை.

1991 ஒரு விசித்திரமான வருடம். ‘லாஃபிங் ஸ்டாக்’ வந்த சில நாட்களில் நிர்வாணா குழுவின் ‘நெவர்மைண்ட்’ வந்து, மாற்று இசை என்ற சொல்லையே கோடிக்கணக்கான டாலர் புழங்கும் சந்தையாக்கியது. அந்த ஆரவாரத்துக்கு அப்பால் அதே வருடம் வந்த வேறு இரண்டு ஆல்பங்களையும் இங்கே பக்கத்தில் வைக்கலாம். பதிவு எப்போது முடிகிறது என்ற கேள்விக்கு அவை சொன்ன பதில்களும் ஒன்றுக்கொன்று ஒட்டாதவை.

அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்து லூயிவில் நகரத்து இளைஞர்கள் நால்வர், ஸ்லிண்ட் என்ற குழு. ‘ஸ்பைடர்லேண்ட்’ ஆல்பத்தை 1990 ஆகஸ்டில் சிகாகோவில் நான்கே நாளில் பதிவு செய்தார்கள், பிரையன் பால்சன் ஒலிப்பதிவில். மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து, போய் வாசித்துவிட்டு வந்துவிட்டார்கள். இங்கே முடித்து வைத்தது காசும் நாளும். 1991 மார்ச்சில் டச் அண்ட் கோ என்ற சின்ன லேபிள் வெளியிட்டபோது குழுவே கலைந்திருந்தது. ஆனால் உறையின் பின்பக்கத்தில், ஆர்வமுள்ள பெண் பாடகர்கள் எழுதலாம் என்று ஒரு முகவரி! ஆள் போன வீட்டு வாசலில் ‘வாடகைக்கு விடப்படும்’ பலகை தொங்குவதுபோல. ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் ஆல்பினி அன்று மெலடி மேக்கர் இதழில் உச்சி மேல் வைத்து எழுதினார், மற்றவர்களுக்கு வருடங்கள் பிடித்தன.

நேர் எதிர்த் துருவத்தில் மை பிளடி வாலண்டைன் குழுவின் ‘லவ்லெஸ்’. கிரியேஷன் என்ற இண்டி லேபிள் ஐந்து நாளில் வேலை ஆகிவிடும் என்று நம்பி 1989-இல் பதிவைத் தொடங்கியது. பத்தொன்பது ஸ்டூடியோக்கள் மாறி, 1991 நவம்பரில்தான் ஆல்பம் வந்தது. இரண்டரை லட்சம் பவுண்டு செலவாயிற்று, லேபிள் திவாலாகப் பார்த்தது என்பது பரவலான கதை. அவ்வளவெல்லாம் இல்லை, அதில் பெரும்பகுதி நாங்கள் அத்தனை மாதம் சாப்பிட்டு வாழ்ந்த செலவு என்று குழுவின் கிதார் கலைஞர் கெவின் ஷீல்ட்ஸ் மறுத்திருக்கிறார். கிதாரின் ட்ரெமலோ கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே தந்திகளை மீட்டுவது அவர் வழி. சுருதி நிலையாக நிற்காமல், நீருக்கடியில் இருந்து பார்க்கும் விளக்கைப்போல அலையும். தூங்கப்போன பாடகி பிலிண்டா புட்ச்சரைக் காலையில் எழுப்பிப் பாடவைப்பார்கள், அந்த அரைத்தூக்கம் குரலில் அப்படியே இருக்கிறது. ஷீல்ட்ஸும் புட்ச்சரும் பாடும் அறையின் கண்ணாடியைத் திரைபோட்டு மூடிவிடுவார்கள், ஒலிப்பதிவாளர் பார்க்க முடியாது. இங்கே ‘முடிந்தது’ என்று சொல்லும் ஒரே மனிதர் ஷீல்ட்ஸ், அவர் சொல்வதாகத் தெரியவில்லை. ஆல்பம் வந்ததும் கிரியேஷன் அந்தக் குழுவைக் கைகழுவியது. அடுத்த ஆல்பத்தை அவர் முடித்து வெளியிட்டது 2013-இல்.

பெரிய நிறுவனத்தில் சுதந்திரமாக இருந்தவர் ஹாலிஸ், சின்ன லேபிளைத் திக்குமுக்காட வைத்தவர் ஷீல்ட்ஸ். இண்டி என்ற சொல்லை வைத்து இந்த இரண்டையும் விளக்க முயன்றால் தலைகீழாக வருகிறது. போதாக்குறைக்கு, அந்தச் சொல்லுக்கு அடித்தளமாக இருந்த விநியோக வலையின் முதுகெலும்பான ரஃப் டிரேட் விநியோக நிறுவனம் அதே 1991-இல் நொடித்தது. அடுத்த வருடம் கிரியேஷனின் ஏறக்குறைய பாதிப் பங்கு சோனியிடம் போனது. வண்டிக் கணக்கு முடிந்தது, பெயர் மட்டும் தங்கியது.

பாராட்டு எப்படி வந்தது? விற்பனையோடு வரவில்லை, இன்னொரு இசைக்காரரின் அலமாரி வழியாக வந்தது. கிழக்கு லண்டனிலிருந்து வந்த பார்க் சைக்கோசிஸ் என்ற குழுவின் ‘ஹெக்ஸ்’ ஆல்பத்தை மதிப்பிடும்போது, 1994-இல், விமர்சகர் சைமன் ரெனால்ட்ஸ் ‘போஸ்ட்-ராக்’ என்ற சொல்லைப் பயன்படுத்தினார். ராக் வாத்தியங்களை வைத்துக்கொண்டு ராக் அல்லாத ஒன்றைச் செய்கிறவர்களுக்கான பெயர். பெயர் நிலைத்தது. பெயர் வந்ததும் பரம்பரை தேவைப்பட்டது, பரம்பரை என்றதும் முன்னோரைத் தேடிப் பின்னால் போனார்கள். அங்கே ‘ஸ்பிரிட் ஆஃப் ஈடன்’, ‘லாஃபிங் ஸ்டாக்’, ‘ஸ்பைடர்லேண்ட்’ மூன்றும் காத்திருந்தன. விமர்சகர்கள் காலம் கடந்து கண்டுபிடித்தார்கள் என்று நாம் சொல்கிறோம். எனக்கென்னவோ, பேரப்பிள்ளைகள் பிறந்த பிறகுதான் அவர்கள் தாத்தா ஆனார்கள் என்று தோன்றுகிறது. அதில் கொஞ்சம் அநியாயமும் உண்டு. பின்னால் வந்த போஸ்ட்-ராக் குழுக்கள் பல, மெல்லத் தொடங்கிப் பெருஞ்சத்தத்தில் முடியும் சூத்திரத்தை எடுத்துக்கொண்டன. ஹாலிஸிடம் இருந்த அழிக்கும் துணிச்சலை எடுத்துக்கொண்டவர்கள் சிலரே.

1998-இல் அவர் தன் பெயரையே தலைப்பாக வைத்து ஓர் ஆல்பம் வெளியிட்டார். டாக் டாக் பெயரில் வருவதாக இருந்தது, பாலிடாருக்குத் தரவேண்டிய இரண்டு ஆல்பங்களில் இரண்டாவது. மின்வாத்தியம் அறவே இல்லை. அறையில் இரண்டே மைக், வாசிப்பவர்களை அவற்றிலிருந்து வெவ்வேறு தூரத்தில் உட்காரவைத்துப் பதிவு. யாரோ நாற்காலியில் அசையும்போது மரம் கிறீச்சிடுவது கேட்கிறது, அதை அழிக்கவில்லை. பெருங்கூட்டத்தை வாசிக்க வைத்து மறுநாள் துடைத்த மனிதர் நாற்காலிச் சத்தத்தை விட்டு வைத்திருக்கிறார்.

ஒப்பந்தம் நிறைவேறியது. ஊர் ஊராகப் போய் வாசித்துக்கொண்டு பிள்ளைகளுக்கு நல்ல அப்பாவாகவும் இருக்க முடியாது என்ற பொருளில் ஏதோ சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். 2019 பிப்ரவரியில், 64 வயதில் இறக்கும்வரை இன்னொரு ஆல்பம் வரவில்லை. நடுவில் 2012-இல் ஒரு தொலைக்காட்சித் தொடருக்காக ஒரு சின்ன இசைத்துண்டு தந்தார். அது ஒரு நிமிடத்தைத் தாண்டாது.